வலி இடுப்பில், இறுக்கம் தோளில்: நாய்களுக்கு மசாஜ் கற்றதும் கற்றுக்கொடுத்ததும்

எங்கள் ராணிக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்த ஒரு மார்கழிக் காலை. டைல்ஸ் தரையில் நகம் கீறுகிற சத்தம் கேட்டு ஓடி வந்தேன். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்துவிட்டாள், பின்பக்கம் மட்டும் மேலே வரவில்லை. லாப்ரடார், 34 கிலோ. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். பத்தடி நடந்ததும் ஒன்றும் நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டாள். நான்தான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எக்ஸ்ரேயில் விஷயம் தெரிந்தது. தொடை எலும்பின் தலை போய் உட்காரும் கிண்ணம் இரண்டு பக்கமும் ஆழமில்லாமல் இருந்தது. மூட்டும் தேய்ந்திருந்தது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனங்களில் அடிக்கடி பார்க்கிற இடுப்புக் கோளாறு அது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார். நாலு கிலோவாவது குறைக்கச் சொன்னார். ஒரே நீண்ட நடையை மூன்று குட்டி நடைகளாகப் பிரிக்கச் சொன்னார். அவர் சொன்னதை மட்டும் செய்திருந்தால் போதும். நான் என் பங்குக்கு இன்னொன்றும் சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் யாருக்கு மூட்டு வலி வந்தாலும் அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வலிக்கிற இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்ப்பார். அதையே நானும் ராணியின் இடுப்பில் செய்தேன். தினமும் ராத்திரி அரை மணி நேரம். அவள் எழுந்து போகப் பார்ப்பாள், கழுத்துப் பட்டையைப் பிடித்து உட்கார வைப்பேன். நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். ஒரு நாள் எண்ணெய்க்குப் பதிலாக நீலகிரி தைலம் தடவினேன். அதை நக்கிவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்தாள். யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், நாம் சுளுக்குக்குத் தடவும் களிம்புகள் எல்லாமே நாய்க்கு விஷம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தன் உடம்பில் எதைத் தடவினாலும் நாய் நக்கும். ஒரு மாதத்தில், எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வருவதைப் பார்த்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

எங்கள் டாக்டர் சென்னையில் விலங்குகளுக்கு பிசியோதெரபி செய்யும் ஒரு கால்நடை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா ராணியை நடக்கவிட்டு ஐந்து நிமிடம் வெறுமனே பார்த்தார். அப்புறம் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைத் தொடாமல், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க கை வைங்கம்மா. முறுக்கின கயிறு மாதிரி இருக்கா? இவ வெயிட்டையெல்லாம் முன்னாடி தள்ளிட்டு நடக்கறா. மாசக்கணக்கா இந்தத் தோள்தான் ரெண்டு மடங்கு வேலை செய்யுது. நீங்க வலிக்கிற மூட்டப் போய் தினமும் அமுக்கிட்டு இருந்திருக்கீங்க."

நமக்குக் கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு இருக்கிறது. கையை உடம்போடு இணைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நாய்க்கு அது பெயருக்கு ஒரு துணுக்காக இருந்தால் உண்டு, வேலை எதுவும் செய்யாது. முன்னங்கால்கள் இரண்டும் உடம்போடு தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு கால்களுக்கு நடுவில் தசைத் தூளி கட்டி, அதில் நெஞ்சுக்கூட்டைத் தொங்கவிட்டது போன்ற அமைப்பு. நல்ல ஆரோக்கியமான நாயே உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்பக்கம் வலித்தால் அந்தப் பங்கு இன்னும் ஏறும். தோள், கழுத்து, முன்முதுகு எல்லாம் நாள் முழுக்க இறுகியே கிடக்கும். மசாஜ் உதவக்கூடிய இடம் அதுதான். தேய்ந்த மூட்டை எந்தக் கையாலும் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் அந்த மூட்டுக்காகச் சேர்த்து உழைத்துக் களைத்த தசைகளைத் தளர்த்த முடியும்.

டாக்டரம்மா அன்று செய்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். கழுத்திலிருந்து வால் அடி வரை மெதுவான வருடல். தோளில் உள்ளங்கையை வைத்து லேசாக அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு. நடுநடுவே கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாவது முறை அப்படிக் கையை எடுத்தபோது ராணி திரும்பிப் பார்த்து, நகர்ந்து வந்து, தோளை அவர் முழங்காலில் சாய்த்தாள். ஒரு மாதமாக என் கையைக் கண்டு ஓடிய நாய் அது. அன்றைக்கே இதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கற்க ஒன்றரை வருடம் ஆனது. மாதம் இரண்டு முறை கோவையிலிருந்து ரயிலில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முதல் மூன்று மாதம் மசாஜ் செய்யவே விடவில்லை. எலும்புகளைத் தொட்டு எண்ணச் சொன்னார். கழுத்தில் 7, விலா இருக்கும் முதுகுப் பகுதியில் 13, இடுப்பு முதுகில் 7, அதற்குப் பின் ஒன்றாக ஒட்டிப்போன 3. கடைசி விலா எலும்பை விரல் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து பின்னால் எந்த எலும்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஒல்லியான கன்னி, சிப்பிப்பாறை நாய்களில் இது சுலபம். ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கொழுத்த லாப்ரடாரில் விலா எங்கே என்று தேடவே நேரம் போகும். விலா எலும்பு கைக்கு எளிதில் தட்டுப்படவில்லை என்றால் அந்த நாய்க்கு முதல் சிகிச்சை எடை குறைப்புதான் என்பதையும் அப்போதே கற்றுக்கொண்டேன்.

முதுகெலும்பின் மேல் நேராக அழுத்தவே கூடாது. அதன் இரண்டு பக்கமும் ஓடும் தசைகளில்தான் கை போக வேண்டும். கால்களில் வருடும்போது பாதத்திலிருந்து மேலே, இதயத்தை நோக்கி. முடியின் போக்குக்கு எதிராகப் போவதால் இன்னும் மெதுவாக. தோலும் தசையும் சூடாகிற வரை பிசைதல் கிடையாது. எண்ணெய் கிடையவே கிடையாது.

ராணிக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். வாரம் மூன்று முறை, பதினைந்து நிமிடம். மாத்திரையை நிறுத்தவில்லை. ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்தாள். வீடு முழுக்கத் தேங்காய் நார் விரிப்புகளும் பழைய யோகா மேட்டுகளும் போட்டோம். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்: நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும்தான் வயதான நாய்களுக்குப் பெரிய எதிரி. ஒவ்வொரு முறை கால் வழுக்கும்போதும் தொடையின் உள்பக்கத் தசை வெடுக்கென்று இழுபடுகிறது. வளர்ந்த நகமும் அப்படித்தான், நிற்கிற விதத்தையே மாற்றிவிடும். தரையையும் நகத்தையும் சரி செய்யாமல் மசாஜ் மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இவை எல்லாம் சேர்ந்து, வாசலின் மூன்று படிகளை ராணி மறுபடியும் தானாக ஏறினாள். மசாஜ் மட்டும் ஏற்றியது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டரை வயது வரை இருந்தாள். கடைசி வாரத்தில் அவளுக்குக் காதின் அடியில் மட்டும் வருடினால் போதுமாக இருந்தது.

அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டுச் சிலர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் நான் செய்த ஒரு தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ராஜபாளையம், ஐந்து வயது. "ரெண்டு நாளா சோர்வா இருக்கானுங்க, கால் வலி போல" என்றார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். தொடையில் கொஞ்சம் ஆழமாகவே அமுக்கினேன். மறுநாள் போன் வந்தது: நான் கை வைத்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது, வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள். உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்கள் 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியவை, 20 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன. அந்த நேரத்தில் தசையை அமுக்குவது உள்ளுக்குள் ரத்தம் கசிய வைப்பது. மருந்தில் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வீட்டு அம்மா போனில் என்னைத் திட்டாமல் அழுதது இன்றும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நாயையும் தொட்டதில்லை. எழுத்தில் ஒரு வரி போதும், அல்லது டாக்டரே போனில் சொன்னால் போதும். இங்கிலாந்தில் மருத்துவர் அனுப்பினால்தான் விலங்குகளுக்கு இப்படிப்பட்ட சிகிச்சைகளைச் செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 300 மணி நேரப் பயிற்சி முடித்தால்தான் விலங்கு மசாஜுக்கான சான்று கிடைக்கும். நம் நாட்டில் நோய் இன்னது என்று சொல்வதும் மருந்து எழுதுவதும் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. நான் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். என்னிடம் பயிற்சி எடுப்பவர்களும் அங்கேயே நிற்க வேண்டும். எங்கள் வகுப்பில் "குணமாக்கினேன்" என்ற சொல்லுக்கு இடமில்லை.

கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் டாக்டரம்மா சொல்லித்தான். "நீங்க ஒருத்தரே எத்தன நாய்க்குப் போவீங்க? அந்தந்த வீட்டுக்காரங்களுக்கே சொல்லிக்குடுங்க" என்றார். முதல் வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள், நாலு நாய்கள். ஒரு வாடகைக் கூடம். அது முழுத் தோல்வி. நாய்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமின. ஆள்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை வைக்க ஆசைப்பட்டார்கள். ஒரு பக் இன நாய் மூச்சிரைத்து மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. ஒருவர் விரலில் பல் பட்டது, நல்லவேளை தோல் கிழியவில்லை. நாய்க்கு ஓய்வு தருகிற ஒன்றைக் கற்பிக்க, நாய்க்கு ஓய்வே இல்லாத ஓர் இடத்தை ஏற்பாடு செய்திருந்தேன்.

இப்போது ஒரு வகுப்பில் நாலு பேர்தான். முதல் இரண்டு நாள் நாயே கிடையாது. வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் பழக்கமில்லாத நாலு கைகளை ஒரு வயதான நாய் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அந்த இரண்டு நாளில் செய்வது இதுதான். தினசரிக் காலண்டர் தாள் ஒன்றுக்கு அடியில் ஒரு தலைமுடியை வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கண்டுபிடித்ததும் இரண்டு தாள், மூன்று தாள் என்று ஏற்றுவேன். அழுத்தித் தேடுகிறவர்களுக்கு முடி தட்டுப்படாது. விரலைத் தளர்த்தியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது, சமையலறைத் தராசு. அதன் மேல் உள்ளங்கையை வைத்து 200 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று நான் சொல்கிற எடைக்குக் கொண்டுவர வேண்டும், முள்ளைப் பார்க்காமல். லேசாக வைத்திருப்பதாக நினைக்கும் பலருடைய கை ஒன்றரைக் கிலோ காட்டும். என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். வயதான நாய்க்கு நாங்கள் தொடங்குவது 200 கிராமில். மூன்றாவது, சப்பாத்தி மாவு. பிசைதல் என்றதும் எல்லோருக்கும் பரோட்டா மாஸ்டரின் கை நினைவுக்கு வருகிறது. நமக்கு வேண்டியது தண்ணீர் கொஞ்சம் கூடிப்போன மாவைப் பதமாக எடுக்கிற கை. கிள்ளாமல், இழுக்காமல், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து ஓர் அலை மாதிரி.

வேகம் இன்னொரு சிக்கல். நாய்க் குளியல் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்திருந்தான். அவ்வளவு நல்ல கை, எந்த நாயும் அவனிடம் பயப்படாது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நாய் குளிப்பாட்டிப் பழகிய வேகம் கையிலேயே இருந்தது. கழுத்திலிருந்து வால் வரை ஒரே வீச்சு. அவனைத் தன் மூச்சை எண்ணச் சொன்னேன். ஒரு வருடலுக்கு ஐந்து மூச்சு. முதல் நாள், "அக்கா, கை நடுங்குது" என்றான். மெதுவாகப் போவது அத்தனை கஷ்டம். ஒரு வாரம் கழித்து, கடையில் குளியலுக்கு முன்பே இரண்டு நிமிடம் இப்படிச் செய்வதாகவும், ட்ரையர் சத்தத்துக்குப் பயப்படும் நாய்கள் முன்னைவிட அமைதியாக நிற்பதாகவும் வந்து சொன்னான்.

வகுப்புக்கு வந்த ஓர் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உடலமைப்பு நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிடும். ஆனால் ஊசி போட நோயாளியின் கையைப் பிடித்து நிறுத்திப் பழகியவர். நாய் எழுந்தால் இயல்பாக இன்னொரு கை போய்ப் பிடித்துவிடும். "போகட்டுமுங்க அக்கா, விடுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒருநாள் அவரே கேட்டார்: "விட்டா போயிரும், அப்புறம் எப்படிங்க செய்யறது?" போனால் அன்றைக்கு அவ்வளவுதான் என்றேன். நாலு நிமிடம் இருந்ததா, நாலு நிமிடம் போதும். பிடித்து வைத்துச் செய்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்பதை ராணி எனக்குக் காட்டியிருந்தாள். அதற்கு மூன்றாம் நாள் அவர் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டே முழு நேரமும் செய்தார். அந்த நாய் போகவில்லை.

நாயைப் படிப்பதுதான் பயிற்சியில் பாதிக்கு மேல். உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு திடீரென்று அசையாமல் விறைப்பது. இவை எல்லாமே "வேண்டாம்" என்று சொல்லும் விதங்கள். கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. "பாருங்க, எவ்வளவு சமத்தா இருக்கான்" என்று நாம் நினைக்கிற அந்த நொடிக்கு அடுத்த நொடி பல் வரும். கண் பாதி மூடி, வாய் தளர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டால் சரி. முடித்ததும் எழுந்து உடம்பை உதறி நீட்டி முறித்தால் அதுவும் நல்லது. எங்கள் வகுப்பில் ஒரு விதி: ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கையை எடுக்க வேண்டும். மூன்று நொடி காத்திருக்க வேண்டும். நாய் கையைத் தேடி வந்தால், அல்லது மூக்கால் தட்டினால் தொடரலாம். இல்லையென்றால் வேறு இடம், அல்லது இன்றைக்குப் போதும்.

வயிற்றோரம் சொறிந்தால் பின்னங்கால் தானாக உதைக்கிறதே, அதைப் பார்த்து எல்லோரும் சிரித்து, சுகமாக இருக்கிறது அவனுக்கு என்பார்கள். அது தண்டுவடத்தில் இருந்து வருகிற அனிச்சைச் செயல். நம் முழங்காலில் தட்டினால் கால் எம்புவது போல. நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் நூறு வருடத்துக்கு முன்பே நாய்களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சுகமா இல்லையா என்பதை முகத்தில்தான் பார்க்க வேண்டும். அதேபோல் முதுகில் கை போகும்போது தோல் மட்டும் சிலிர்த்துத் துடித்தால் கூச்சம் என்று தள்ளிவிட வேண்டாம். அங்கே தெள்ளுப்பூச்சி இருக்கலாம், தசை வலி இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் துடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொடுவதற்கு முன் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு வரிசை உண்டு. உடல் வெப்பம் முதலில். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு, நமக்குக் காய்ச்சல் அளவு அது. 103 தாண்டினால் அன்றைக்குக் கை வைப்பதில்லை. அப்புறம் ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா. காதிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா. சொறி, படை, புண், புதிதாக ஏதேனும் கட்டி. அடிபட்டு மூன்று நாள் ஆகாதது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாதது. வெயிலில் ஓடி வந்து மூச்சிரைப்பது. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டும், அல்லது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். டாக்ஸண்ட் மாதிரி நீண்ட முதுகுள்ள நாய் திடீரென்று கத்தி, பின்னங்கால் தடுமாறினால் அது முதுகுத் தட்டு விலகலாக இருக்கலாம். மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம் அது. அசைக்காமல் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம் மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயவுசெய்து வேண்டாம்.

நடையைப் பார்க்க போன் போதும். பக்கவாட்டில் ஒன்று, முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று, மெதுவான வேகத்தில் வீடியோ எடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கிற கால் படும்போது தலை மேலே போகும். வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மாதம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டருக்கே அது பெரிய உதவி.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இப்போதைக்கு இது மட்டும் போதாது என்பதுதான் என் அனுபவம். குளியல் கடை, விடுதி, பயிற்சி என்று ஏற்கெனவே நாய்களோடு வேலை செய்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக வரும். நான் தருகிற தாள் அரசு உரிமம் இல்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. தெருநாய்களைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்தில் வேலை செய்யும் அண்ணன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் செயலிழந்த நாய்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவற்றின் கால்கள் இறுகி மடங்கிப்போகாமல் இருக்க, மருத்துவர் காட்டிய அளவுக்குள் மெதுவாக மடக்கி நீட்டுவதும், முழு எடையையும் தாங்கும் தோள்களைத் தளர்த்துவதும் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார். குறிப்பெடுக்க மாட்டார். காலண்டர் தாள் பயிற்சியில் நாலு தாளுக்கு அடியில் முடியைக் கண்டுபிடித்தவர் இதுவரை அவர் ஒருவர்தான். கற்ற கையோடு தினமும் காலையில் ஆறு நாய்களுக்குச் செய்ய ஆரம்பித்தார்.

போன ஆவணியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"மேடம், இன்னைக்குச் செவலையத் தொடலைங்க."

"ஏனுங்கண்ணா, என்ன ஆச்சு?"

"சூடு நூத்தி மூணே முக்கால் இருக்குதுங்க. ஈறு வெளுத்துப் போயிருக்குது. வயித்துல புள்ளி ரெண்டு பாத்தேன். டாக்டருக்குச் சொல்லிட்டேன், வந்துட்டு இருக்காருங்க."

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது. ஆரம்பத்திலேயே பிடித்ததால் மாத்திரையிலேயே அடங்கியது. நாலு வாரம் அண்ணன் அவளுக்குச் சாப்பாடு வைத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை. ஐந்தாவது வாரம் டாக்டர் சரி என்றதும், தோளில் 200 கிராமில் ஆரம்பித்தார்.